அப்பாவின் சாகாவும் அறுபது பொட்டும்

சென்ற மாதம் ஒருநாள் காலை நிகழ்ச்சியைக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படைத்தேன். வானொலி என்பதால் நேயர்கள் தப்பித்தீர்கள். ஸ்டூடியோவில்தான், "ராத்திரி எங்க போனீங்க?" என்று கேட்டே ஓட்டிவிட்டார்கள். எங்கும் போகவில்லை. வீட்டு வாசலில் வெல்டிங் பழகிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் அப்பாவின் புரோட்டோன் சாகாவால் வந்தது. 1985-இல் அறிமுகமான அந்த முதல் ரகம். நான் பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். இப்போது ஓட்டுநர் பக்கம் கால்மிதியைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. அவ்வளவு துரு. ஒரு கடையில் ஃபைபர் ஒட்டிச் சாயம் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். இன்னொரு கடையில், "பழைய இரும்புக்குப் போட்டுடுங்க அங்கிள்" என்றார்கள். அப்பா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு மாமா கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். "மிஷின் வாங்கிட்டு வாம்மா, நான் சொல்லித் தரேன்" என்றார். கேஸ் தேவைப்படாத சின்ன மிக் மிஷின் வாங்கினேன். கம்பிக்குள்ளேயே மருந்து இருக்கும். வீட்டு பிளக்கிலேயே ஓடும்.

இரண்டு வாரம் காரைத் தொடவே விடவில்லை. பழைய பானெட் தகட்டில்தான் பயிற்சி. காரின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு நொடி அதிகம் நின்றால் ஓட்டை. "கோடு இழுக்காதே, பொட்டு வை" என்பார் மாமா. இங்கே ஒரு பொட்டு, அடுத்தது எதிர் மூலையில். சூடு தணியும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். மிஷினைச் சரியாக வைத்தால் எண்ணெயில் வடை பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும். பட் பட்டென்று வெடித்தால் கம்பி ஓடும் வேகமோ கரண்டோ சரியில்லை. காதுதானே என் பிழைப்பு! மாமா என்னைப் பாராட்டியது இந்த ஒன்றுக்கு மட்டும்தான்.

கறுப்புக் கண்ணாடி கதைக்கு வருகிறேன். 'ஒரே ஒரு பொட்டுதானே' என்று முகமூடியை இறக்காமல் அடித்தேன். ஒன்று மூன்றானது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தல். வெல்டிங் ஒளியின் புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுட்டுவிட்டது என்றார் டாக்டர். இரண்டு நாளில் ஆறியது. மாமா திட்டவில்லை. "இனி மறக்கமாட்டே" என்றார்.

பிறகுதான் கார். இருக்கை, கார்ப்பெட் எல்லாம் வெளியே. பேட்டரியைக் கழற்றினோம். பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் படுத்துப் பார்க்கவைத்தார். அடியில் பூசிய தாரையும் சுரண்டினோம், அது தீப்பிடிக்கும். அம்மா சீரியலை விட்டுவிட்டு, தீயணைப்பானும் ஈரச்சாக்குமாக அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பளபளக்கும் இரும்பு தெரியும்வரை துருவை வெட்டி, பிஸ்கட் பெட்டி அட்டையில் அளவெடுத்து, புதுத் தகடு வைத்தோம். இரண்டு உள்ளங்கை அகலம்தான். அறுபது பொட்டுக்கு மேல், ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

துரு சேஸிக்கோ இருக்கை பெல்ட் போல்ட்டுக்கோ போயிருந்தால் தொடவே விட்டிருக்கமாட்டேன் என்றார் மாமா. "அது உயிர் விஷயம். நானே அதுக்குன்னு இருக்கறவங்ககிட்டதான் கொடுப்பேன்."

அரைத்து, துருத்தடுப்புச் சாயம் அடித்துக் காய்ந்ததும் அப்பா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார்.

"கொஞ்சம் மேடா இருக்கே."

அவ்வளவுதான். இருக்கையை மாட்டி முடிப்பதற்குள் சாவியோடு நின்றார். அம்மாவை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனவர், திரும்பிவர இரண்டு மணி நேரம் ஆனது. காய்கறி எதையும் காணோம்.