70 வகுப்பறை காலி! திருவண்ணாமலை பசங்க போட்டுப் பார்க்க வேண்டிய வகுத்தல் கணக்கு

திருவண்ணாமலை:

ஜூலை 11 வந்தாச்சுன்னா பள்ளிக்கூடங்களில் உலக மக்கள்தொகை தினம். பேரணி, கோஷம், கட்டுரைப் போட்டி. 'ஜனத்தொகை பெருகுது, நாடு தாங்காது' என்று மாணவர்கள் எழுதி பரிசும் வாங்குவார்கள். ஆனால் சொந்த மாவட்டத்து கணக்கை எடுத்துப் பார்த்தால், பிரச்சினையே வேற இடத்தில் இருக்கிறது.

2001-ல் திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை 21 லட்சத்து 86 ஆயிரத்து 125. 2011-ல் 24 லட்சத்து 64 ஆயிரத்து 875. பத்து வருஷத்தில் வளர்ச்சி 12.75 சதவீதம். அதே காலத்தில் தமிழகம் 15.6 சதவீதமும், நாடு 17 சதவீதத்துக்கு மேலும் வளர்ந்தன. அதாவது இந்த மாவட்டம் மற்றவர்களை விட மெதுவாகத்தான் பெருகியிருக்கிறது.

மாறிப்போன பாடம்

ஒரு பெண்ணுக்கு சராசரியாக 2.1 குழந்தை இருந்தால்தான் ஜனத்தொகை குறையாமல் நிற்கும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் இந்தியா 2.0, தமிழகம் 1.8. 'அளவோடு பெற்று வளமோடு வாழ்க' என்று சுவரில் எழுதிய மாநிலத்தில், மக்கள்தொகை குறைந்தால் எம்.பி. சீட்டும் குறைந்துடுமோ என்று 2025-ல் அனைத்துக்கட்சி கூட்டமே நடந்தது. ஆறாம், ஏழாம் வகுப்பு பசங்களுக்கு பழைய பயத்தையே சொல்லிக் கொடுத்தால் எப்படி?

கிரிவலம் வந்தவங்களும் கணக்கா?

பசங்களுக்குப் புரிய வைக்க ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருது. அத்தனை பேரும் திருவண்ணாமலை ஜனத்தொகையா? இல்லை. வெளியூர்க்காரர் அவரவர் ஊரில்தான் சேருவார். சரி, 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் வீடு வாசல் இல்லாமல் படுத்திருக்கும் சாதுக்கள்? அவர்களையும் விடக்கூடாது. 2011-ல் பிப்ரவரி 28 இரவு, வீடில்லாதவர்களை அவர்கள் தங்கிய இடத்துக்கே போய் எண்ணினார்கள். இதை ஒரு தடவை சொன்னால் போதும், கணக்கெடுப்பு என்றால் என்ன என்று பசங்க மறக்கவே மாட்டாங்க.

அதிர்ச்சி தரும் 930

இப்போதுதான் முக்கியமான கணக்கு. 2011-ல் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 994 பெண்கள். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதில் பாட்டிமார்களும் சேர்த்தி. பெண்களுக்கு ஆயுள் அதிகம் என்பதால் மொத்தக் கணக்கு தூக்கிக் காட்டும்.

ஆறு வயது வரை உள்ள குழந்தைகளை மட்டும் பாருங்கள். பையன்கள் 1,41,205. பெண் குழந்தைகள் 1,31,364. ஏழாம் வகுப்பு பையனே வகுத்துவிடுவான். 1000-க்கு 930! தமிழக சராசரி 943-ஐ விடவும் குறைவு.

இயற்கையாகப் பிறப்பதில் 1000 பையன்களுக்கு சுமார் 950 பெண்கள் இருக்கும். அப்படிப் பார்த்தால் இங்கே சுமார் 2,780 பெண் குழந்தைகள் குறைகிறார்கள். வகுப்புக்கு 40 பேர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 70 வகுப்பறை. பிறக்கும் முன்பே ஸ்கேன் பார்த்து கலைத்ததும், பிறந்த பிறகு பெண் குழந்தையை சரியாகக் கவனிக்காததும்தான் இப்படிப்பட்ட பள்ளத்துக்குக் காரணம். கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. சட்டம் வந்தும் 17 வருஷம் கழித்து எடுத்த கணக்கு இது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என நாள் குறித்து 2025 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது. வழக்கமாக வீடு வீடாகப் போய் எண்ணுவதும் பள்ளி ஆசிரியர்கள்தான். கேள்வித்தாளோடு தெருவில் இறங்கும் முன் அதே கணக்கை கரும்பலகையில் எழுதிப் போடுவது ஒன்றும் கஷ்டமில்லை.

எத்தனை பேர் பெருகினோம் என்று பசங்களுக்குச் சொல்லியாச்சு. யார் வரவே இல்லை என்று சொல்வதுதான் பாக்கி.