பரணில் ஒரு ப்ளைமவுத்



இந்த இதழின் சிறப்புப் பகுதிக்குக் காரணம் மறைமலைநகர் வாசகர் ஒருவர் அனுப்பிய புகைப்படம். வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. தட்டுக்குத் தட்டு ஃபோர்டு மஸ்டாங். சிவப்பு, கருநீலம், நடு முதுகில் வெள்ளைப் பட்டை ஓடுவது, கூரை இல்லாதது என்று எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கும் டைகாஸ்ட் என்னும் உலோக வார்ப்புப் பொம்மைக் கார்கள். கூடவே ஒரு குறிப்பு: “ஃபோர்டு பிளாண்டில் வேலை பார்த்தேன். அங்கே செய்த காரை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அங்கே செய்யாத காரை வாங்கி வைத்திருக்கிறேன்.” இதைவிட நல்ல முன்னுரை நமக்கு அமையாது.

செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் குறிப்பை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மறைமலைநகரில் உருவான ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து 1999இல் ஐகான் வெளிவந்தது. பிறகு ஃபியஸ்டா, ஃபிகோ, ஈகோஸ்போர்ட். 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. 2022 ஜூலையோடு இங்கே உற்பத்தி நின்றது. அதே வளாகத்தில் 2029 முதல் எஞ்சின் செய்வதற்குத் தமிழக அரசோடு 2025இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். நல்லபடியாக நடக்கட்டும். ஆனால் மஸ்டாங் மட்டும் அந்தப் பட்டறையில் ஒருநாளும் உருவானதில்லை. 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான வண்டி, நம் நாட்டில் முறையாக விற்பனைக்கு வந்தது 2016இல்தான். அதுவும் இறக்குமதியாக, 65 லட்ச ரூபாய்க்கு. ஷிப்ட் முடிந்து ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் மஸ்டாங் எது என்று யோசித்தால், அந்த அலமாரி புரிந்துவிடும்.

நம் பெரியவர்களுக்கு அமெரிக்கக் கார் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் செவர்லே பூட்டத் தொடங்கிவிட்டது. விடுதலைக்குப் பிறகு பிரீமியர் நிறுவனம் டாட்ஜும் ப்ளைமவுத்தும் பூட்டி விற்றது. பாகங்களை இங்கேயே செய்யாதவர்களுக்கு இடமில்லை என்று 1950களில் அரசு கறாராக நின்றதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. ஏற்கெனவே சாலைக்கு வந்துவிட்ட வண்டிகள் எங்கே போகும்? ஜமீன் வீட்டிலிருந்து மில் முதலாளிக்கு, அவரிடமிருந்து டாக்சிக்காரருக்கு என்று கைமாறி, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் ஏற்றப்பட்டு, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டே இருந்தன. கிராமத்துக்கு எல்லாமே பிளசர் கார்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை வருவதற்கு முன், சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் செங்கல்பட்டில் திரும்பி, திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் கடலுக்குப் போனார்கள். அந்த வழியில் எதிரே ஒரு ப்ளைமவுத் வந்தால் மாட்டுவண்டி மண்ணில் இறங்கித்தான் நிற்க வேண்டும். அகலம் அப்படி.

நீளமும் சளைத்ததல்ல. பின்பக்கம் மீன்துடுப்புபோல் இறக்கை எழும்பிய 1959 காடிலாக் கிட்டத்தட்ட 5.7 மீட்டர். மாடலுக்காக அதை 18இல் ஒரு பங்காக்கினால் சுமார் 32 சென்டிமீட்டர்; அலமாரித் தட்டில் தனி இடம் கேட்கும். 43இல் ஒரு பங்கு என்றால் 13 சென்டிமீட்டர். 64இல் ஒரு பங்கு என்றால் 9. இந்த 43 எங்கிருந்து வந்தது? லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் நிறுவனம் பொம்மை ரயில் விற்றுக்கொண்டிருந்தது. அந்த ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தக் கார் வேண்டுமே என்று 1930களில் டிங்கி கார்களைச் செய்தார்கள். ரயிலின் அளவு காருக்கும் ஒட்டிக்கொண்டது. ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களின் கதை வேறு. அட்டையும் அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழும் எல்லாக் காருக்கும் ஒரே அளவு. அதனால் காடிலாக்கை அதிகமாகவும் ஃபோக்ஸ்வேகனைக் குறைவாகவும் சுருக்கி, இரண்டையும் ஏறக்குறைய ஒரே நீளமாக்கிவிடுவார்கள். அளவு சுத்தம் பார்க்கும் சேகரிப்பாளர்கள் இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே வாங்குவார்கள்.

ஹாட் வீல்ஸ் பிறந்தது 1968இல். மாட்டெல் நிறுவனம் முதல் ஆண்டில் வெளியிட்ட 16 கார்களில் ஃபோக்ஸ்வேகன் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அமெரிக்க வண்டிகள்தான்; கமாரோ, மஸ்டாங், கார்வெட், ஃபயர்பேர்டு என்று. கையில் ஒன்று இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். பல வண்டிகளின் அடியில் ‘மலேசியா’ என்று இருக்கும். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பினாங்கின் பிறைத் தொழிற்பேட்டையில்தான் மாட்டெலின் பெரிய டைகாஸ்ட் தொழிற்சாலை இருக்கிறது. சுமார் 400 டிகிரியில் உருகிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துகிறார்கள். சில நொடிகளில் ஒரு செவர்லேயின் உடம்பு ஆறிக் கெட்டியாகி வெளியே விழுகிறது. கவிழ்த்தபடியே இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே பொறித்திருக்கும் ஆண்டு அந்த அச்சை வடிவமைத்த ஆண்டு. உங்கள் கார் செய்த ஆண்டு அல்ல. பழைய பொருள் என்று சொல்லி இதைக் காட்டியே அதிக விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு.

இந்த இதழுக்காகத் தேடியதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது கல்கத்தா கதைதான். டிங்கியின் பழைய அச்சுகள் 1960களின் பிற்பகுதியில் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தன. அடிப்பாகத்தில் டிங்கி போய் ‘நிக்கி’ ஆயிற்று. ப்ளைமவுத் ஃப்யூரி அதில் உண்டு. மில்டன் என்ற இன்னொரு கல்கத்தா நிறுவனம் கார்கி என்ற வேறொரு பொம்மை நிறுவனத்தின் அச்சில் செவர்லே இம்பாலா வார்த்தது. வண்ணப்பூச்சு கொஞ்சம் தடிமன்தான், கோடுகளும் முன்னே பின்னே இருக்கும். நிஜ இம்பாலாவைச் சினிமாவில் மட்டும் பார்த்த ஒரு தலைமுறைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நிக்கி வரிசையில் ஸ்டாண்டர்டு 20 என்ற மினிபஸ்ஸும் உண்டு. அமெரிக்க வண்டி இல்லைதான், ஆனாலும் விட மனமில்லை. ஏனென்றால் அதன் நிஜ வண்டி நம் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. லிவர்பூல் அச்சில், கல்கத்தா உலோகத்தில், செங்கல்பட்டு வண்டி! இன்றைக்கு அதைப் பெட்டியோடு வைத்திருப்பவர் சென்னையிலிருந்து லண்டன் வரை பேரம் பேசலாம்.

பேரம் என்றதும் ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். கடைக்கு 72 ஹாட் வீல்ஸ் கார்கள் கொண்ட பெட்டி வந்து இறங்கியதும், எந்தப் பிள்ளையும் எட்டிப் பார்ப்பதற்குள் சிலர் அதைப் பிரித்து ‘ட்ரெஷர் ஹன்ட்’ என்ற அரிய வண்டிகளை அள்ளிக்கொண்டு போய்ப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அவர்களிடம் வாங்கி, அட்டையைப் பிரிக்காமல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள் வேறு. இவர்கள் சேர்ப்பது கார் அல்ல, அட்டை.

அதிலும் கடற்கரையில் அட்டை நிலைக்காது. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வாசகர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் அட்டை ஈரம் குடித்து வளையும். குமிழ் ஓரத்தில் பசை விடும். அச்சுக்கம்பி இரும்பு, அது துருப்பிடித்துச் சக்கரம் சிக்கும். பெயிண்ட் இல்லாத அடிப்பாகத்தில் வெள்ளையாக மாவு பூக்கும். உலோகத்தில் ஈயம் கலந்துவிட்ட பழைய வார்ப்பு என்றால் நோய் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. ஈரம் அதைத் தூண்டிவிடும். விரிசல் விட்டு, வீங்கி, ஒருநாள் தொட்டதும் உதிரும். அதற்கு மருந்து கிடையாது. மற்றதற்கு உண்டு. பிரித்து எடுங்கள். மூடிய கண்ணாடி அலமாரியில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மழைக்காலத்தில் அவற்றை மாற்றுங்கள். தூசிக்கு மென்மையான பிரஷ் போதும், ஈரத்துணி வேண்டாம். ரப்பர் டயர் வண்டியை அக்ரிலிக் தட்டில் நேரடியாக நிறுத்தாதீர்கள். நாளானால் டயர் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

பிரித்தால்தான் பார்க்கவும் முடியும். 1957 செவர்லே பெல் ஏர் ஒன்று கிடைத்தால் அதன் இடது இறக்கையின் நுனியைப் பாருங்கள். நிஜக் காரில் பெட்ரோல் ஊற்றும் வாய் அந்தக் குரோம் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். தெரியாதவர்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றித் தேடுவார்கள். நல்ல மாடலில் அந்த மூடியின் விளிம்பு மயிரிழைக் கோடாகத் தெரியும். சுமாரான மாடலில் வெள்ளிப் பூச்சு மட்டும் இருக்கும். இந்தக் கண் வருவதற்கு நிஜப் பழைய கார்களையும் பார்க்க வேண்டும். வடபழனியில் 2023இல் திறந்த ஏ.வி.எம். ஹெரிட்டேஜ் மியூசியமும், கோவையில் 2015 முதல் இருக்கும் ஜீடீ கார் மியூசியமும் அதற்கு நல்ல இடங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிள்ளைகள் சாமானை வைத்துப் பெரியவர்கள் விளையாடுவதா என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் முகம் சுளித்தார். அவருக்குப் பெரும்பாணாற்றுப்படையைக் காட்டினேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் நம் தொண்டை நாட்டு வழியைச் சொல்லிக்கொண்டு போகும்போது, தச்சர் வீட்டு இளையவர்கள் செய்த ஒரு தேர் வருகிறது. பார்த்தவர் ஆசைப்படும்படி செய்தது, ஆனால் ஏறி ஓட்ட முடியாதது. வீட்டுப் பிள்ளைகள் அதை உருட்டித் திரிந்து களைத்துப்போகிறார்கள். செய்தவர்களின் கை வேலையைப் புலவர் விட்டுவிடவில்லை பாருங்கள். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர் மேசையில் ஒரு சிவப்பு இம்பாலா நின்றது, மகனுடையதாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ 1960, 70களின் கல்கத்தா பொம்மைக் கார் ஏதாவது கிடக்கக்கூடும். நிக்கி, மில்டன், மாக்ஸ்வெல் என்று அடியில் எழுதியிருக்கும். சக்கரம் போயிருந்தாலும் பரவாயில்லை. சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், புது பெயிண்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். அடித்தால் பாதி மதிப்பு அப்போதே போய்விடும். பக்கவாட்டில் ஒன்று, அடிப்பாகத்தில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்து, யார் எந்த ஊரில் வாங்கித் தந்தது என்பதையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். காரை அனுப்ப வேண்டாம், தபாலில் அடிபடும். அது அண்ணனுடையது, மாமாவுடையது என்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். பிறகு எங்கள் பேரில் சண்டை வரக்கூடாது.

அன்புடன்,
ஆசிரியர்