‘வெரி’ என்னும் வெறுஞ்சொல்!

செஞ்சிக் கோட்டையிலிருந்து இறங்கி வருவோரை ஒரு நாள் நின்று கவனித்துப் பாருங்கள், தோழர்களே! 2025 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராட்டியர் கால இராணுவக் கோட்டைகள் 12 ஐ உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தது. அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்றது செஞ்சி ஒன்றுதான். அதன் பிறகு நாலா திக்கிலிருந்தும் வருகிறார்கள், ராஜகிரி ஏறுகிறார்கள், வியர்வை வழிய இறங்குகிறார்கள். “எப்படி இருந்தது?” என்று கேட்டால், “வெரி வெரி நைஸ்!” என்கிறார்கள். கீழே வந்து தேநீர் குடிக்கிறார்கள். அதுவும் “வெரி நைஸ்!”

பகைவர் பல ஆண்டுகள் முற்றுகையிட்டும் எளிதில் பிடிக்க முடியாத கோட்டைக்கும் அதே சொல். ஒரு குவளைத் தேநீருக்கும் அதே சொல்! அப்படியானால் அந்தச் சொல்லுக்கு என்னதான் எடை?

ஆங்கிலத்தைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. ஆங்கிலம் படிக்கட்டும் நம் பிள்ளைகள், நன்றாகவே படிக்கட்டும். ஆனால் படிப்பது வேறு, பகட்டுவது வேறு. நாவில் ஒட்டிக்கொண்ட சொல்லின் பொருள் தெரிய வேண்டாமா?

‘வெரி’ என்பது ஆங்கிலேயன் பெற்றெடுத்த சொல் அல்ல. பழைய பிரெஞ்சு மொழியில் ‘வெரை’ என்றிருந்தது. அதற்கும் பின்னே இலத்தீனில் ‘வேருஸ்’. பொருள் என்ன தெரியுமா? ‘மெய்’! ‘உண்மையான’! ‘வெரி’ என்று சொல்லிய அந்தக் காலத்து ஆங்கிலேயன், ‘நான் சொல்வது மெய்’ என்று முத்திரை வைத்தான். ‘தி வெரி மேன்’ என்றால் ‘அந்த ஆளேதான்’ என்று இன்றும் பொருள்படுகிறதே, அது அந்தப் பழைய பொருளின் மிச்சம். பிறகு எதற்கெடுத்தாலும் முத்திரை குத்தினார்கள். முத்திரை தேய்ந்தது; ‘மெய்’ என்ற பொருள் போய், ‘மிக’ என்ற பொருள் வந்தது. அதுவும் போதவில்லை என்று ‘ரியலி’ என்ற சொல்லைப் பிடித்தார்கள். அதற்கும் பொருள் மெய்தான்! ஒரு மெய் தேய்ந்தால் இன்னொரு மெய்! கள்ள நாணயம் புழங்கும் சந்தையில் நல்ல நாணயத்தையும் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்?

நம் மொழியிலும் சொற்கள் தேய்ந்திருக்கின்றன. ‘நிரம்ப’ என்பதுதான் ‘ரொம்ப’ ஆயிற்று. குடம் நிரம்பியது, வயிறு நிரம்பியது என்று கண்ணால் காணக்கூடிய நிறைவு அது. இன்று ‘ரொம்பக் கொஞ்சம்’ என்கிறோம்! நிறைவும் குறைவும் ஒரே தொடரில் கைகோத்து நிற்கின்றன. நமக்குச் சிரிப்புகூட வருவதில்லை. பவணந்தி முனிவர் தம் நன்னூலில், மிகுதியைக் காட்டும் உரிச்சொற்களாக சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு சொற்களை அடுக்கிக் காட்டினார். ஆறு பாத்திரம் இருந்த அடுப்படி! இன்று ‘சாலச் சிறந்தது’ மேடையில் ஒலிக்கிறது. ‘நனி நன்று’ எப்போதோ கேட்கிறது. ‘தவ’ தலைகாட்டுவதே இல்லை. அந்த இடத்தில் ‘வெரி’ வந்து உட்கார்ந்திருக்கிறது.

உட்கார்ந்த சொல்லையாவது சரியாகப் பயன்படுத்துகிறோமா? ‘மிக விரும்புகிறேன்’ என்று தமிழில் சொல்லலாம். அதையே சொல்லுக்குச் சொல் மாற்றி ‘ஐ வெரி லைக்’ என்றால் ஆங்கிலேயன் விழிப்பான். ‘வெரி’ பண்புச் சொல்லுக்கு முன்னே நிற்குமே தவிர, வினையோடு ஒட்டாது. வினைக்கு ‘வெரி மச்’ என்று பின்னே சேர்க்க வேண்டும். ‘எக்ஸலண்ட்’ என்பது ஏற்கெனவே உச்சியில் நிற்கிற சொல். அதற்கு மேல் ‘வெரி’ போடுவது, மலை முகட்டில் ஏணி சாத்துவது போல!

இவையெல்லாம் இலக்கணப் பிழை, சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத பிழை ஒன்று உண்டு. உழைக்கும் தோழர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘வெரி’ வேறு, ‘டூ’ வேறு. ‘வெரி ஹெவி’ என்றால் பாரம் மிகுதி, ஆனாலும் தூக்கலாம். ‘டூ ஹெவி’ என்றால் பாரம் அளவு மீறியது, தூக்க இயலாது. தமிழில் ‘ரொம்ப’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது. ‘ரொம்ப நல்லவன்’ என்றால் பாராட்டு. ‘ரொம்பப் பேசாதே’ என்றால் எச்சரிக்கை. குரலிலும் முகத்திலும் பொருள் தெரிந்துவிடும். ஆனால் கடல் கடந்து பிழைக்கப் போன நம் தோழன், தமிழ் தெரியாத மேலாளரிடம் “வெரி ஹெவி, சார்” என்று சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் சொல்ல வந்தது, ‘என்னால் முடியாது, முதுகு முறியும்’ என்பது. மேலாளர் காதில் விழுந்தது, ‘பாரமாகத்தான் இருக்கிறது’ என்பது. “ஆமாம், பாரம்தான், தூக்கு!” என்று போய்விடுவார். ஒரு சொல் மாறியதால் ஒரு முதுகெலும்பு பணயமாகிறது! இது இலக்கண வாத்தியார் பிரச்சினையா? இல்லை, தோழர்களே, வயிற்றுப் பிரச்சினை, உயிர்ப் பிரச்சினை!

என்ன செய்யலாம்? ‘வெரி’யும் வேண்டாம், ‘டூ’வும் வேண்டாம். “இந்த மூட்டை 75 கிலோ” என்று சொல்லட்டும். உலகத் தொழிலாளர் அமைப்பு 1967 இல், தனியொருவர் சுமக்கும் பாரம் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஊறு செய்யும் பாரத்தைச் சுமக்கவைக்கக் கூடாது என்றது அது. இந்தியா 2010 இல் அதை ஏற்றது. உடன்படிக்கையோடு வந்த பரிந்துரையில், வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமப்பதற்கு 55 கிலோ என்ற எண் இருக்கிறது. அதற்கு மேல் போனால் விரைந்து குறைக்க வேண்டும் என்கிறது. ‘மிகப் பெரும் பாரம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எது மிகை, எது முறை என்று முதலாளியும் தொழிலாளியும் நாள் முழுதும் வாதாடலாம். எண்ணோடு வாதாட முடியுமா?

என் சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டுமென்று ஓர் அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தோம். “மிக விரைவில் ஆவன செய்யப்படும்” என்று பதில் வந்தது. 1956 இலேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்த நாடல்லவா? பதில் நல்ல தமிழில்தான் இருந்தது. ‘வெரி ஸூன்’ வேட்டி கட்டி வந்திருந்தது, அவ்வளவே! எட்டு மாதம் இருட்டிலே நடந்தோம். இரண்டாவது மனுவில் ஒரே ஒரு வரி எழுதினோம்: “மிக விரைவில் என்பது எந்தத் தேதி?” தேதி வந்தது. அந்தத் தேதி கடந்து ஒரு வாரத்தில் விளக்கும் வந்தது. ‘மிக’வைப் பிடித்துக் கேள்வி கேட்க முடியவில்லை, தேதியைப் பிடித்துக் கேட்க முடிந்தது.

ஊரைச் சொன்னால் போதுமா? நாம் மட்டும் யோக்கியமா? நாற்பது பேர் கூடும் தெருமுனைக் கூட்டத்துக்கு ‘மாபெரும் பொதுக்கூட்டம்’ என்று சுவரொட்டி! அடுத்த வாரமும் ‘மாபெரும்’, அதற்கடுத்த வாரம் ‘வரலாறு காணாத’! மெய்யாகவே மக்கள் கடலெனத் திரளும் நாளில் எந்தச் சொல்லை எடுப்போம்? படிப்பவன் நம்புவானா? மிகையாகச் சொல்லிப் பழகிய வாய், உண்மையைச் சொல்லும்போதும் மிகையாகவே கேட்கும். கழகம் எதுவாயினும், கொடி எதுவாயினும், தொண்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடைமொழியைக் குறையுங்கள்; ஆதாரத்தைக் கூட்டுங்கள்!

இதற்குப் பாடம் வேண்டுமானால் செஞ்சிக்கு வடக்கே நம் சிங்கவரத்துக்கு வாருங்கள். அரங்கநாதர் குடைவரைக்கு மட்டும் அல்ல. போருக்கு விடை கேட்ட தேசிங்குக்குச் சம்மதம் தராமல் அந்தச் சிலை முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று ஊரார் கதை சொல்வார்கள். கதை கிடக்கட்டும்; 1714 இல் தேசிங்கு களத்தில் மாண்டது வரலாறு. நான் அழைப்பது பக்கத்திலுள்ள திருநாதர்குன்றுக்கு. பாறையிலே 24 தீர்த்தங்கரர் உருவங்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. அங்கே ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் உண்ணாதிருந்து உயிர்நீத்த இடம் என்கிறது. மிகக் கடுமையாக நோற்றார் என்றோ, மாபெரும் தவம் என்றோ எழுதவில்லை. எத்தனை நாள் என்று மட்டும் எழுதியிருக்கிறது: 57.

அந்த நோன்பு நமக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு பேச்சு. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும், படிப்பவன் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடுகிறதே! எந்த ‘வெரி’ அதைச் செய்யும்?

மனு எழுதும்போது தேதியை எழுதுவோம். கூலி கேட்கும்போது தொகையைச் சொல்வோம். சுமையைப் பேசும்போது எடையைச் சொல்வோம். ‘மிக’ என்ற சொல்லைப் பெட்டியிலே பூட்டி வைப்போம். மெய்யாகவே மிகும் நாளில் எடுத்து வீசுவோம். அன்று அது ஊர் முழுதும் கேட்கும்!