பொதுப் பாதையில் பெருவண்டி

உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டுவிட்டர் முடக்கியதைக் கண்டித்து, 2019 நவம்பரில் நம் நாட்டினர் பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தனர். முதலாளி ஒருவருக்கு உட்படாத பல நிலையங்கள் பொது விதியால் இணைந்த வலை அது. அவ்வலையுடன் மெட்டாவின் திரெட்ஸும் 2023 டிசம்பரில் இணையத் தொடங்கிற்று. நோக்கம் யாதோ? ஐரோப்பியச் சட்டத்தின் அச்சமோ, பிறர் கூட்டத்தைக் கவரும் ஆசையோ என ஐயுறுவோர் பலர். கூகிள் டாக் 2006இல் இத்தகையதொரு பொது விதியை ஏற்றது. 2013இல் ஹேங்கவுட்ஸ் வந்தபோது கைவிட்டது. பாதையின் அகலம் பொதுவாயின் எவர் வண்டியும் ஓடும். பெரியவர் அதனை மாற்றினால் சிற்றூர் நிலையம் பாழாகும் என்பதை இருப்புப்பாதை ஊழியராகிய நாம் அறிவோம். ஆதலின் வருவோரை வரவேற்போம். ஆயினும் உற்றார் முகவரிகளை வீட்டு ஏட்டிலும் எழுதி வைப்போம்.