நாற்றுக் கூடாரத்திற்குக் காற்று வேண்டும்

கத்தரி நாற்றை வெளிப்பாத்தியில் விடாமல், தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் ஊன்றி, பாலிதீன் தாள் போர்த்திய சிறு கூடாரத்தில் வளர்க்கும் முறை தமிழகமெங்கும் பரவியுள்ளது. வீட்டின் உள்ளறையிலேயே துணிக்கூடாரம் அமைத்து, மின்விளக்கொளியில் நாற்று வளர்ப்போரும் உளர். இம்முறையில் விதை மிச்சம், நீரும் மிச்சம். பாலாறு மணலாகக் கிடக்கும் மாதங்களையும், தோல் பதனிடும் ஊர்களின் கழிவால் உவர்ப்பேறிய கிணறுகளையும் கண்ட நமக்கு நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே கூடாரத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அதனை அமைப்போரிற் பலர் வெயிலையும் மழையையும் பூச்சியையும் எண்ணுகின்றனர். காற்றை மறந்து விடுகின்றனர்.

இது சிறு விஷயமன்று. நம் வேலூர் மாவட்டத்து முள்ளுக் கத்தரிக்காய் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரின் பயன் விவசாயியின் கைக்கு வரவேண்டுமானால் முதலில் நாற்று பிழைக்க வேண்டும். தட்டிலேயே நாற்று மடிந்தால் விதையும் போயிற்று, பருவமும் போயிற்று.

அடைத்த கூடாரத்தில் நாற்று ஏன் மடிகிறது? இலை தன் நுண்துளைகள் வழியே நீராவியை விடுகிறது. காற்று அசையாவிடில் அந்த ஆவி இலையைச் சுற்றியே நிற்கும். தாளின் உட்புறத்தில் துளியாகித் தட்டின்மேல் சொட்டும். அந்த ஈரத்தில் பித்தியம் முதலிய பூசணங்கள் பெருகித் தண்டின் அடியை அழுகச் செய்கின்றன. நாற்றழுகல் என்பது இதுவே. மேலும், இலை உணவு சமைப்பதற்கு வேண்டிய கரியமில வாயு காற்றில் ஏறக்குறைய 0.04 சதவீதமே உள்ளது. வெயில் நேரத்தில் மூடிய கூடாரத்தில் அது விரைவிலேயே குறைந்துவிடும். காற்றில் அசைந்த தண்டு தடித்து உறுதி பெறும் என்பதும் அறிந்ததே. இவ்வியல்பை ஆராய்ந்த ஜாஃபே என்னும் விஞ்ஞானி 1973இல் அதற்கெனத் தனிப்பெயரும் இட்டார். காற்றே அறியாத நாற்று, வயலில் வீசும் முதற் காற்றுக்கே சாயும்.

நெசவாளர்களாகிய அங்கத்தினர்களுக்கு இது முரணாகத் தோன்றலாம். குழித்தறி உள்ள அறையில் ஈரம் நின்றால் பருத்தி இழை அறாமல் ஓடும். வறண்ட காற்று புகுந்தால் பாவு அறும். ஆகவே சன்னலைச் சாத்துவது தறிக்கு நலம். நாற்றுக்கோ அதுவே கேடு. பாவு நூல் மூச்சு விடுவதில்லை, நாற்று விடுகிறது.

மின்விசிறி ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். உள்ளிருக்கும் காற்றைக் கலக்குவது வேறு. அதனை வெளியேற்றிப் புதுக்காற்றைப் புகுத்துவது வேறு. முழுதும் அடைத்த கூடாரத்தில் விசிறி சுழன்றால், அதே ஈரக்காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். வெப்பக் காற்று மேலே எழும் இயல்புடையது. ஆதலால் முகட்டில் ஒரு போக்குவழியும், எதிர்ப்பக்கத்தில் தரையை ஒட்டி ஒரு வரவுவழியும் முதலில் அமைக்க வேண்டும். இவற்றுக்கு விசிறியைப்போல் மின்சாரச் செலவில்லை. உள்ளறைக் கூடாரமாயின் போக்குவழியில் ஒரு சிறு விசிறியை வைத்துக் காற்றை வெளியே இழுக்கலாம். உள்ளே மற்றொன்று வைப்பினும் இலை மெல்ல அசைந்தால் போதும். வளைந்தாடினால் தட்டு காய்ந்துவிடும். தட்டுகளைத் தரையில் வைக்காது பலகை மேலேற்றி, காலையிலேயே நீர் தெளித்தால், இரவுக்குள் இலை உலரும்.

திறப்பு வைத்தால் வெள்ளை ஈ புகும் என்பர். நியாயமான அச்சமே. நெருங்கிய கண்ணுள்ள பூச்சிவலையால் திறப்பை மூடுக. ஆனால் வலை காற்றையும் தடுக்குமாதலால் திறப்பை அகலமாக வைக்க வேண்டும். விதைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பதும் நன்றே. எனினும் மருந்து காற்றின் வேலையைச் செய்யாது.

கூடாரம் அமைக்கக் கடன் வழங்கும் சங்கங்களுக்கு நாம் கூறுவது ஒன்று. தாளுக்கும் குழாய்க்கும் கணக்குப் பார்ப்பதுபோல், போக்குவழியும் வரவுவழியும் உண்டா என்று பார்த்தபின் தொகையை அளிக்க வேண்டும். மடிந்த நாற்றுக்கும் தவணை கட்ட வேண்டியவர் நம் அங்கத்தினரே. ஆகவே இதனை நிபந்தனையாக்கும் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் கொண்டுவருதல் அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.