குதிரும் தரவுத்தளமும்

காவிரிப் படுகையில் அறுவடை முடிந்ததும் களத்து நெல் பல வழிகளில் பிரியும். விற்பனைக்கு ஒரு பங்கு போகும். வீட்டுக் குதிருக்கும் பத்தாயத்துக்கும் ஒரு பங்கு போகும். விதைக்கென ஒதுக்கிய பங்கை மட்டும் எவ்வளவு வறுமையிலும் குற்றி உண்ணத் துணியமாட்டார்கள். அந்த விதைநெல் ஒரு வீட்டின் உடைமையாக மட்டும் இருந்ததில்லை. அண்டை ஊராருக்குக் கொடுக்கப்பட்டது. அவர்களிடமிருந்து வேறு விதை பெறப்பட்டது. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழா இந்தப் பழக்கத்துக்குத் தெளிவான விதி ஒன்றை வகுத்தது. இரண்டு கிலோ விதை பெற்றுச் செல்பவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மறையும் நிலையிலிருந்த 174 நெல் வகைகளை மீட்டவராக அறியப்படும் அவர் 2018ஆம் ஆண்டு மறைந்தார். கொடுக்கல் வாங்கலில் அவர் வைத்த விகிதம் இன்றைய அறிவியல் உலகின் பெரிய கேள்வி ஒன்றுக்கும் பொருந்துகிறது.

நெல்லுக்கு இப்போது மற்றொரு களஞ்சியம் உண்டு. அதில் தானியம் இல்லை, டி.என்.ஏ. மூலக்கூறின் எழுத்து வரிசைகளே உள்ளன. ஜப்பானின் தலைமையில் பத்து நாடுகள் கூடி நிப்பான்பாரே என்னும் ஜப்பானிய நெல்லின் பன்னிரண்டு குரோமோசோம்களையும் படித்து 2005இல் வெளியிட்டன. பதினொன்றாம் குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்தவர்கள் இந்திய அறிவியலாளர்கள். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூன்று இடங்களில் உள்ள பொதுத் தரவுத்தளங்கள் இத்தகைய வரிசைகளைச் சேமித்து, தமக்குள் நாள்தோறும் பரிமாறிக்கொள்கின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பதிவெண் உண்டு. அதனைத் தஞ்சாவூரிலுள்ள கல்லூரி மாணவர் ஒருவர் எந்தக் கட்டணமும் இன்றிப் பார்க்கலாம், தம்மிடமுள்ள வரிசையோடு ஒப்பிடலாம், நகலெடுத்துக்கொள்ளலாம். பெரும் பொருட்செலவில் விளைந்த அறிவு இவ்வளவு எளிதாகக் கைக்கு எட்டுவது மனித வரலாற்றில் அரிய நிகழ்வு.

ஆயினும் இந்தக் களஞ்சியம் தானாக நிறைவதில்லை. இதனை உணர்த்த வெள்ளத்தைத் தாங்கும் மரபணுவின் வரலாறு ஒன்றே போதும். வடகிழக்குப் பருவமழையின்போது டெல்டாவின் தாழ்நிலங்களில் சம்பாப் பயிர் நாள்கணக்கில் நீரில் மூழ்குவது புதிதன்று. மூழ்கிய நெற்பயிர் மூச்சுக்காக மேலெழ முயன்று விரைந்து நீள்கிறது; சேமித்து வைத்த ஆற்றலை அதில் செலவழித்து, வெள்ளம் வடிந்தபின் துவண்டு மடிகிறது. ஒடிசா உழவர்களிடமிருந்து வந்த எப்.ஆர். 13ஏ என்னும் நெல் மட்டும் வேறுவிதமாக நடந்துகொண்டது. வளர்ச்சியை அடக்கி, ஆற்றலைக் காத்து, ஏறத்தாழ இரண்டு வாரம் நீருக்கடியில் காத்திருந்தது. அதற்குக் காரணமான சப்1ஏ என்னும் மரபணு 2006இல் கண்டறியப்பட்டது. அதனைப் பழைய இரகங்களில் சேர்த்து உருவாக்கியவற்றுள் ஒன்றுதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். 1009 சப் 1. டெல்டா உழவர்கள் இன்று அதனை நன்கு அறிவர்.

இதில் கவனிக்கத்தக்க செய்தி வேறொன்று. உலகமே அளவுகோலாகக் கொண்ட நிப்பான்பாரே நெல்லில் சப்1ஏ மரபணு இல்லவே இல்லை. அந்த ஒரு நெல்லை எத்தனை முறை படித்தாலும் அது அகப்பட்டிருக்காது. மண்ணில் மணிச்சத்து குறைந்தபோதும் வேரை வளர்க்க உதவும் பி.எஸ்.டி.ஓ.எல்.1 என்னும் மரபணுவும் அவ்வாறே. அது இந்தியத் துணைக்கண்டத்தின் கசலத் என்னும் நெல்லில் இருந்தது, நிப்பான்பாரேயில் இல்லை. தரவுத்தளத்தில் ஒன்று காணப்படாததால் இயற்கையிலும் அது இல்லை என்று முடிவு செய்யலாகாது என்பதற்கு இவை சான்றுகள். பிற்காலத்தில் 89 நாடுகளின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் வகைகளைப் படித்து 2014இல் பொதுவில் வைத்ததற்கும் இந்த உணர்வே அடிப்படை.

மடுமுழுங்கி என்ற பெயரே நீரை நினைவூட்டுகிறது. காட்டுயானம் ஆளுயரத்துக்கும் மேல் வளர்வது. வேதாரண்யம் பகுதியின் உப்பு நிலத்தில் குடவாழை விளைகிறது. களர்நிலத்தில் களர்ப்பாலை நிற்கிறது. இவற்றின் தாங்கும் திறனுக்குக் காரணம் ஏற்கெனவே அறிந்த மரபணுக்களா, இதுவரை எவரும் அறியாதவையா? விடை காண வேண்டுமானால் இந்நெல் வகைகள் முறையாகப் படிக்கப்பட்டு, உரிய விவரங்களோடு பதிவாக வேண்டும். கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாகிவரும் காலத்தில் இது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று.

உரிய விவரம் என்பதில்தான் பெரும்பாலான பதிவுகள் தடுக்கி விழுகின்றன. ஒரே பெயரை இரண்டு ஊர்கள் இரண்டு நெல்லுக்கு வழங்கும். ஒரே நெல்லுக்கு மூன்று ஊர்களில் மூன்று பெயர் இருக்கும். எந்த ஊரில், எந்தப் பட்டத்தில், எத்தகைய மண்ணில் விளைந்தது என்பதைக் குறிக்காமல் ‘நாட்டு நெல்’ என்று மட்டும் எழுதிப் பதிவேற்றிய வரிசை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயன் குறைந்ததே. ஜென்பேங்க் போன்ற தளங்களில் ஒரு பதிவைத் திருத்தும் உரிமை அதனை அளித்தவருக்கே உண்டு. ஆகவே அவர் பொருட்படுத்தாமல் விட்ட பிழை ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்; அதை நம்பிய பிறருடைய ஆய்வுக்குள்ளும் புகும். பதரும் கல்லும் கலந்த நெல்லைக் குதிரில் கொட்டும் உழவர் எவரும் இல்லை.

வேறொரு தயக்கமும் உண்டு, அது புறந்தள்ளத்தக்கதன்று. நம் நெல்லின் விவரத்தை உலகுக்குத் திறந்து வைத்தால் அதனைப் பிறர் கவர்ந்துகொள்ள மாட்டார்களா என்று கேட்பவர்களுக்கு அனுபவம் துணை நிற்கிறது. பாசுமதி நெல் தொடர்பாக அமெரிக்க நிறுவனம் ஒன்று 1997இல் காப்புரிமை பெற்றது. இந்தியா எதிர்த்து வாதிட்ட பின்னரே அதன் உரிமைக் கோரிக்கைகளுள் பெரும்பாலானவை நீங்கின. மஞ்சளின் புண்ணாற்றும் குணத்துக்கு 1995இல் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையும் இரண்டே ஆண்டில் நீக்கப்பட்டது. ஆனால், மஞ்சள் வழக்கில் வென்று தந்தது எது? அந்த அறிவு முன்பே எழுத்தில் இருந்தது என்பதற்கான சான்றுகளே. பூட்டி வைத்த அறிவு அங்கே துணைக்கு வந்திருக்காது. நாளும் இடமும் குறித்த பொதுப் பதிவு, ‘இதனை நானே முதலில் கண்டேன்’ என்று பின்னால் வருபவருக்குத் தடையாகிறது. அது முழுமையான காவல் என்று கூறுவதற்கில்லை. ஒளித்து வைப்பதைக் காட்டிலும் வலிய காவல் என்று கூறலாம்.

பயனில் பங்கு என்பது தனிச் சிக்கல். இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம், தம் இரகங்களைப் பதிவு செய்யும் உரிமையை உழவர்க்கு அளிக்கிறது. ஆனால் விதை கைமாறாமல் அதன் எழுத்து வரிசை மட்டும் கைமாறும்போது யார் யாருக்குக் கடன்பட்டவர்? 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய உலக நாடுகள் இதற்கெனப் பொது நிதியம் ஒன்றை அமைக்க உடன்பட்டன. இத்தகைய தரவுகளால் வருவாய் ஈட்டும் நிறுவனங்கள் அதற்குப் பணம் செலுத்த வேண்டும். அதில் பாதியேனும் பழங்குடியினருக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் சேர வேண்டும் என்பது நோக்கம். செலுத்துவது கட்டாயமாக்கப்படவில்லை என்பது அதன் குறை. ஆதிரெங்கத்தின் விதி இதனினும் நேர்மையானது. விதை பெற்றவர் திருப்பித் தருவதை அது அவரவர் விருப்பத்துக்கு விடவில்லை.

நிறுவனங்களை மட்டும் குறை கூறுவதும் சரியன்று. தரவுத்தளத்திலிருந்து நாள்தோறும் எடுத்துப் பயன்படுத்தி, தம் ஆய்வின் விளைவை மட்டும் மேசை இழுப்பறையில் வைத்திருப்போர் எல்லா நாடுகளிலும் உண்டு. இந்தியாவில் அதற்கு இடமில்லை என்று இனிச் சொல்ல முடியாது. பரீதாபாதில் 2022இல் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டுள்ளது. அரசின் பொருளுதவியால் விளையும் உயிரியல் தரவுகளைச் சேமிப்பதே அதன் பணி.

தரவைப் பதிவேற்றும்போது இரகத்தின் பெயர், சேகரித்த இடம், நாள், சேகரித்தவர் ஆகியவற்றை நிரப்பும் கட்டங்கள் உண்டு. ஆய்வகக் கருவி இவற்றுள் எதையும் நிரப்பித் தராது. அந்த விதையைப் பல தலைமுறைகளாக விதைத்து வருபவரிடம் சென்று, அவர் அதை எப்பெயரால் அழைக்கிறார், எந்த வயலுக்கு அது ஆகாது என்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். 1922 முதல் நெல்லாராய்ச்சி நடந்துவரும் ஆடுதுறையைச் சுற்றியுள்ள ஊர்களின் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குக் கூட இப்பணி எட்டாததன்று. ஒரு குறிப்பேடும், தை மாதத்து அறுவடை நாள்கள் சிலவும் இருந்தால் தொடங்கிவிடலாம்.