ஒரு திராட்சைதானே என்கிறீர்களே!

மே மாதக் கடைசி வாரங்களில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும். பள்ளி திறப்பதற்குள் எங்கேயாவது போய் வர வேண்டும் என்று குடும்பம் குடும்பமாக மலையேறுகிறோம். கேட்டால், "எல்லாம் பிள்ளைங்களுக்காகத்தான்" என்கிறோம். பிள்ளைகளுக்காக வந்த இடத்தில் நாம் செய்கிற காரியங்களைக் கொஞ்சம் பார்ப்போமா, பெற்றோரே?

கூத்து சோதனைச் சாவடியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை. தண்ணீர் பாட்டிலும் அதில் சேர்த்தி. வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் அப்பா பாட்டிலை எடுத்து மகளின் பைக்குள், ஸ்வெட்டருக்கு அடியில் திணிக்கிறார். "கேட்டா ஒண்ணும் இல்லைன்னு சொல்லு." யூகேஜி முடித்த பிள்ளை அந்தப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறது. இருபது ரூபாய் பாட்டிலுக்காகப் பொய் சொல்லப் பழக்குகிறோம். வீட்டில் ஒரு எவர்சில்வர் பாட்டில்கூடவா இல்லை?

பூங்காவுக்குள் வந்தால் பழ உருவங்கள். தோட்டக்கலைத் துறை ஊழியர்கள் கம்பியில் கூடு கட்டி, ஆரஞ்சும் திராட்சையுமாக ஒவ்வொன்றாகக் குச்சியில் குத்திச் செருகி விலங்கும் பறவையுமாக நிறுத்தியிருப்பார்கள். சுற்றிலும் கயிறு. போட்டோ சரியாக விழவில்லை என்று பிள்ளையைத் தூக்கிக் கயிற்றுக்கு உள்ளே விடுவது நாம்தான். அது கையை நீட்டி ஒரு பழத்தைப் பிய்த்ததும், "ஒரு திராட்சைதானே சார், சின்னப் பிள்ளை" என்று காவலரிடம் வக்காலத்து வாங்குவதும் நாம்தான். காலையில் முழுதாக நின்ற உருவத்தில் சாயங்காலம் வெறும் கம்பி தெரிகிறது. ஆளுக்கு ஒன்றுதான் எடுத்தார்கள்!

பிறகு குரங்கு. பிள்ளையின் கையால் சிப்ஸ் கொடுக்க வைத்து வீடியோ எடுக்கிறோம். மனிதர் கையில் தீனி கண்டு பழகிய குரங்கு அடுத்த குழந்தையிடம் கேட்டு வாங்காது, பிடுங்கும். விட மறுத்தால் கடிக்கும். வெறிநாய்க்கடி மருந்துக்குப் பேர்போன பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் அதே ஊரில், பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பது உண்மைதான். அந்தத் துணிச்சலில் செய்கிறோமோ என்னவோ!

இதையெல்லாம்விட எனக்கு ஆற்றாமை வேறு ஒன்றில். கண்காட்சி மேஜையில் துரியனும் மங்குஸ்தானும் ஒரு பக்கம், பிளம்ஸும் பேரியும் தாட்பூட் பழமும் இன்னொரு பக்கம் இருக்கும். "ரெண்டும் இந்த மலையிலேயா காய்க்குது?" என்று ஒரு பையன் கேட்டான். "டைமாச்சு, தொட்டபெட்டா போகணும், வா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தார் அம்மா. எவ்வளவு அருமையான கேள்வி! துரியனுக்கு வெக்கையும் ஈரமும் வேண்டும். அது மலையடிவாரத்துக்குச் சற்று மேலே பர்லியாறில் காய்க்கும். பிளம்ஸ் மரத்துக்கோ குளிர்காலத்தில் நல்ல குளிர் பட்டால்தான் பூ பிடிக்கும். அதற்குக் குன்னூர் உயரம் வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதே பாக்கு மரம் மறைந்து தேயிலை வருவதைப் பிள்ளை ஜன்னல் வழியே பார்த்திருக்கும். அப்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு அதன் கையில் போனைக் கொடுத்திருந்தோம்.

பூங்காவையாவது பார்க்க விடுகிறோமா? 1874-இல் ஜே.டி. சிம் என்ற அதிகாரியும் மேஜர் முர்ரேயும் சேர்ந்து தொடங்கிய இடம் அது. முப்பது ஏக்கர் சரிவு. ருத்ராட்ச மரம், கற்பூர மரம், ஆளுயரம் தாண்டிய பெரணி மரங்கள் என்று கீழே இறங்க இறங்க வந்துகொண்டே இருக்கும், பெயர்ப்பலகையும் வைத்திருக்கிறார்கள். தாத்தா கழுத்தில் கிடக்கும் கொட்டை எந்த மரத்திலிருந்து வருகிறது, கண்டுபிடி என்று பிள்ளையை அனுப்பினால் ஒரு மணி நேரம் தானாக ஓடும். நாமோ மேலேயே நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு, படியேற மூச்சு வாங்கும் என்று திரும்பிவிடுகிறோம்.

வராதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாக வாருங்கள். 2024 மே முதல் இ-பாஸ் உண்டு, மறக்காமல் எடுங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்து வாரநாளில், கதவு திறந்த கையோடு உள்ளே போங்கள். தொட்டபெட்டாவை மறுநாளுக்கு ஒதுக்குங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அங்கிருக்கும் தோட்டக்காரரிடம் அதையே கேட்கச் சொல்லுங்கள். காவலர் "கயிறு தாண்டாதீங்க" என்றால் வாதாடாமல், பிள்ளை காதில் விழும்படி "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் வாருங்கள். போட்டோவில் கயிறும் விழுந்தால் விழட்டும்.